மாப்பிள்ளை பார்த்த பி.இ.

வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. கயித்துக் கட்டில் அறுந்து விழாது, தைரியமா உக்காருங்க. விழுந்தாலும் எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. என் பேத்தியை நானே கட்டிக்கலாம்னு இருபத்து மூணு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன். நீங்க பெங்களூர்லேர்ந்து வந்து ஒரு மாலையைப் போட்டுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்க. அந்த வயித்தெரிச்சல்ல, நீங்க ஒரு தடவையாவது குப்புற விழறதைப் பாக்கணும்னு கிழவனுக்கு ஆசை இருக்காதா?

அதுக்குக் கட்டிலே தேவைப்படாது போலிருக்கு. போனஸ் பணத்தையெல்லாம் வழிச்சுக் கடல் தாண்டிக் கொண்டுபோய்த் தங்கச் சுரங்கப் பங்குல போட்டுட்டீங்களாமே. "பயப்படாத தாத்தா, அவரு பி.இ. பாத்துத்தான் வாங்கினாரு"ன்னு பேத்தி பெருமையாச் சொல்றா. மாப்பிள்ளை படிச்சதும் பி.இ., பாத்து வாங்கினதும் பி.இ.! இங்கிலீஷ்ல அது வேற எழுத்து, இது வேற எழுத்தாம். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டையும் நம்பிப் பணத்தைக் கொட்டினவங்க கதையும் ஒண்ணுதான்னு சொல்ல வாய் வருது. வேண்டாம், நீங்க நம்ம வீட்டு மாப்பிள்ளை.

நான் கைநாட்டு. பத்தாவது படிக்கிற சின்னப் பேரன்கிட்ட போனைக் குடுத்து, இது என்னடா பி.இ.ன்னு படிச்சுக் காட்டச் சொன்னேன். பங்கோட விலையை, அந்த ஒரு பங்குக்குக் கம்பெனி ஒரு வருஷத்துல சம்பாதிச்ச காசால வகுக்கணுமாம். பங்கு 40 டாலர், சம்பாத்தியம் 4 டாலர்னா பி.இ. 10. சம்பாத்தியம் இப்படியே நின்னா, நீங்க போட்ட காசு பத்து வருஷத்துல மறுபடி சம்பாதிச்சாச்சு. மத்த பங்கெல்லாம் 25, 30-க்கு விக்கும்போது இது 10-க்குக் கெடைச்சா மலிவு. அடடா, எவ்வளவு சுலபம்! போச்சம்பள்ளிச் சந்தையில நான் மாடு வாங்கினதும் இதே கணக்குலதான்.

முப்பது வருஷம் இருக்கும். தரகன் துண்டைப் போத்தி உள்ள கையை விட்டு என் விரலைப் பிடிச்சான். மாட்டு மடியைப் பாத்தா தவில் மாதிரி நிக்குது. வேளைக்குப் பத்து லிட்டர்னான். பால் விலையைப் பெருக்கினேன், தீவனத்தைக் கழிச்சேன், மாட்டு விலையை வகுத்தேன். ஒண்ணரை வருஷத்துல மாடு இனாம்! தலைப்பாகையை நிமித்திக்கிட்டு ஓட்டியாந்தேன். மறுநாள் காலையில உக்காந்து கறந்தா நாலு லிட்டர். முந்தின ரெண்டு வேளை கறக்காமலே விட்டு, பாலைத் தேக்கி மடியைக் காட்டியிருக்கான். என் கணக்குல தப்பே இல்ல மாப்பிள்ளை. வகுத்தல் சரி, கழித்தல் சரி. எந்த நாள் பாலை வெச்சு வகுத்தேன்? அதுலதான் கோட்டை விட்டேன்.

உங்க பி.இ.யில கடைசியா ஒரு 'இ' நிக்குதே, அதுதான் மடி. தேக்கின மடியா, தினப்படி மடியான்னு அது வாயைத் தொறந்து சொல்லாது.

எல்லாக் கம்பெனிக்கும் இது உண்டுதானேன்னு கேப்பீங்க. உண்டு. ஆனா சோப்புக் கம்பெனிக்காரன் தன் சோப்புக்குத் தானே விலை போட்டு ஒட்டறான். சுரங்கக்காரனுக்கு அந்தக் குடுப்பினை இல்ல. தோண்டறது இவன், விலை வெக்கறது லண்டன்லயும் நியூயார்க்லயும் ஷாங்காய்லயும் குந்தியிருக்கிறவன். நம்ம தக்காளி நிலைமைதான்னு வெச்சுக்குங்க. செலவு மட்டும் நம்ம கையில, விலை மண்டிக்காரன் கையில.

இந்தக் கரித்துண்டை எடுத்துத் திண்ணையிலேயே போடறேன், பாருங்க. ஒரு அவுன்ஸ்னா 31 கிராம் சொச்சம், நாலு பவுனுக்குக் கொஞ்சம் கம்மி. தங்கம் அவுன்ஸ் 2,000 டாலர், தோண்டற செலவு 1,500-னு வெச்சா லாபம் 500. தங்கம் பத்துப் பங்குல ஒரு பங்கு ஏறி 2,200 ஆச்சுன்னா லாபம் 700. விலை ஏறினது 10 சதவீதம், லாபம் ஏறினது 40 சதவீதம். கம்பெனிக்காரன் மீசையை முறுக்கறான், நீங்க போனை எடுத்து எனக்குக் காட்டறீங்க. சரி, அதே தங்கம் அதே அளவு எறங்கி 1,800-க்கு வந்தா? லாபம் 300. இன்னும் எறங்கி 1,500-க்கு வந்தா லாபம் சுழி. சுழியால எந்த விலையை வகுக்கறது? உங்க போன்ல பி.இ. இருக்கிற இடத்துல ஒரு சின்னக் கோடு மட்டும் நிக்கும். அதைப் பாத்து, கம்பெனி செத்துப்போச்சுன்னு ஜனம் அலறி ஓடும்.

இதனாலதான் சுரங்கப் பங்கோட பி.இ. தலைகீழாத் தொங்கற வவ்வால். தங்கம் உச்சியில இருக்கும்போது லாபம் வீங்கிக் கெடக்கும், அதனால பி.இ. சின்னதாத் தெரியும். தங்கம் பாதாளத்துல கெடக்கும்போது லாபம் வத்திப்போயிருக்கும், அதனால பி.இ. வானத்துக்குப் போகும், இல்லாட்டி காணாமலே போகும். மலிவுன்னு பலகை மாட்டின அன்னைக்குச் சரக்கு கிராக்கி. கிராக்கின்னு பலகை மாட்டின அன்னைக்குத்தான் சில சமயம் மலிவு. பீட்டர் லிஞ்ச்னு அமெரிக்காவுல பெரிய பண்டு நடத்தினவரு, இந்த மாதிரி ஏறி எறங்கற கம்பெனிகளைப் பத்தி 1989-ல வந்த புஸ்தகத்துலயே எச்சரிச்சிருக்காராம். நான் 1989-ல எருமை மேச்சுக்கிட்டிருந்தேன், தப்பிச்சேன். நீங்க பொறக்கவே இல்ல, நீங்களும் தப்பிச்சிருக்கணும்.

கதையா சொன்னா நம்ப மாட்டீங்க, ஆளைக் காட்டறேன். கனடாவுல பேரிக்னு ஒரு கம்பெனி. 2011-ல அவங்களுக்கு லாபம் சுமார் 448 கோடி டாலர், அதுவரைக்கும் பாக்காத லாபம். தங்கம் அந்த செப்டம்பர்ல 1,900 டாலரைத் தொட்டுச்சு. வருஷக் கடைசியில பங்கு 45 டாலர் பக்கம், பி.இ. பத்து. நீங்க வாங்கியிருக்கீங்களே, அதே மாதிரி பத்து. பாத்தவனுக்கெல்லாம் நாக்குல எச்சில். அப்புறம் 2013-ல தங்கம் 1,200-க்குச் சரிஞ்சுது. சிலி, அர்ஜென்டினா எல்லையில ஆண்டீஸ் மலை உச்சியில பாஸ்குவா-லாமான்னு ஒரு சுரங்கம் வெட்டிக்கிட்டிருந்தாங்க. பனிமலைத் தண்ணிக்குக் கேடுன்னு சனங்க கோர்ட்டுக்குப் போனாங்க, சிலி பக்கத்து வேலை நின்னுபோச்சு. போட்ட பணத்துல 500 கோடி டாலருக்கு மேல ஒரே காலாண்டுல மதிப்பைக் குறைச்சு எழுதினாங்க. அந்த வருஷ நஷ்டம் 1,000 கோடி டாலரைத் தாண்டிச்சு. பங்கு 18 டாலருக்குக் கீழ வந்துச்சு, 2015-ல 7 டாலருக்கும் கீழ போச்சு. 'பத்து'ன்னு பாத்து வாங்கினவன் துண்டை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டான்.

உடனே மூஞ்சியைத் தொங்கப்போடாதீங்க, மோர் குடிங்க. எதிர்ப்பக்கமும் சொல்றேன்.

அமெரிக்காவுல நியூமான்ட்னு ஒண்ணு. உலகத்துலயே பெரிய தங்கச் சுரங்கக் கம்பெனி, 1921-லேர்ந்து இருக்கு. 2023-ல அவங்க காட்டின நஷ்டம் சுமார் 250 கோடி டாலர். பி.இ. இருக்கிற இடத்துல வெறும் கோடு. 2024 பிப்ரவரியில பங்கு 30 டாலர் பக்கம் வந்து கெடந்துச்சு, சீந்துவாரில்ல. ஆனா அந்த நஷ்டம் எதுல வந்துச்சு? சில சுரங்கங்களோட மதிப்பைக் குறைச்சு எழுதினது ஒண்ணு, மூடின சுரங்கங்களைச் சீர்படுத்துற செலவைக் கணக்குல ஏத்தினது ஒண்ணு, ஆஸ்திரேலியாவுல நியூக்ரெஸ்ட்ங்கற கம்பெனியை வாங்கின செலவு ஒண்ணு. தங்கம் தோண்டறது நிக்கல, விக்கறதும் நிக்கல. 2025 அக்டோபர்ல தங்கம் 4,000 டாலரைத் தாண்டினப்ப அதே பங்கு 90 டாலருக்கு மேல நின்னுச்சு. பி.இ.யே இல்லாத அன்னைக்கு வாங்கினவனுக்கு மூணு மடங்கு. பி.இ. அழகாத் தெரிஞ்ச அன்னைக்கு வாங்கினவனுக்கு என் மாடு.

அப்படின்னா பி.இ. இல்லாத பங்கையெல்லாம் அள்ளிப் போட்டுக்கலாமான்னு கண்ணு மின்னுதே! படிச்ச புத்தி, உடனே சூத்திரம் தேடும். மாப்பிள்ளை, பால் வத்தின மாட்டுல ரெண்டு ஜாதி. ஒண்ணு சினை மாடு. இன்னைக்குச் சொட்டுப் பால் வராது, ரெண்டு மாசம் கழிச்சுக் கன்னு போட்டா குடம் நெறையும். இன்னொண்ணு அடிமாடு. அதுக்கும் இன்னைக்குப் பால் வராது, என்னைக்கும் வராது. உங்க போன்ல ரெண்டுக்கும் ஒரே கோடுதான் போட்டிருப்பான். வயித்தைத் தடவிப் பாத்தவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

அடிமாடு எப்படி இருக்கும்னு நான் பாத்திருக்கேன். எங்கப்பாரு கோலார் தங்கவயல்ல சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல வேலை பாத்தவரு. சின்ன வயசுல பங்காருப்பேட்டையில ரயில் மாறி மாரிக்குப்பம் வரைக்கும் போவேன். வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துலேர்ந்து போன நம்ம சனங்கதான் லைன் வீடு முழுக்க. பூமிக்குள்ள மூணு கிலோமீட்டருக்கு மேல எறங்கற சுரங்கம் அது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல வந்து தோண்ட ஆரம்பிச்சப்ப, ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல தங்கம் கெடைச்சதுன்னு சொல்வாங்க. 1902-ல சிவசமுத்திரத்துலேர்ந்து கரண்டு இழுத்தாங்க, ஊரெல்லாம் காடா விளக்கு ஏத்தின காலத்துல அங்க பல்ப் எரிஞ்சுது. கம்பெனிப் பங்கு லண்டன்ல வித்துச்சு, வாங்கின துரை அங்க உக்காந்து லாபத்தை எண்ணினாரு. அப்புறம்? மேல இருந்ததை எடுத்தாங்க, கீழ போனாங்க. கீழ போகப் போகச் செலவு கூடுச்சு, தங்கம் குறைஞ்சுது. கடைசியில டன்னுக்கு மூணு, நாலு கிராம். எடுக்கற செலவு விக்கற விலையைத் தாண்டிச்சு. 120 வருஷத்துல ஏறக்குறைய 800 டன் தங்கம் குடுத்த வயலை 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி இழுத்து மூடினாங்க. அப்ப தங்கம் அவுன்ஸ் 270 டாலர்கூட இல்ல. இன்னைக்கு விலையைக் கேட்டா எங்கப்பாரு சமாதியிலேர்ந்து எழுந்து மண்வெட்டியைத் தேடுவாரு.

இந்தக் கதையை எதுக்குச் சொன்னேன்? கிணத்துல எறைக்க எறைக்க ஊறும். மாந்தோப்பு இந்த வருஷம் ஏமாத்தினாலும் அடுத்த வருஷம் காய்க்கும். சுரங்கம் அப்படி இல்ல, அது நெல்லுக் குதிர். எடுக்கற ஒவ்வொரு படியும் குறைவுதான். உங்க பங்கோட பி.இ. எட்டுன்னே வெச்சுக்குவோம், போட்ட காசு திரும்ப எட்டு வருஷம். அந்தச் சுரங்கத்துல மிச்சமிருக்கிற தங்கம் ஆறு வருஷத்துக்குன்னா, மீதி ரெண்டு வருஷம் எதைத் தோண்டுவான்? உங்களையா? ஒவ்வொரு கம்பெனியும் வருஷா வருஷம் கையிருப்புக் கணக்கு எழுதறான். எத்தனை அவுன்ஸ், டன்னுக்கு எத்தனை கிராம், எந்த விலைக்கு எடுத்தா கட்டும்னு எல்லாம் அதுல இருக்காம். பி.இ. பாத்தவரு அதைப் பாத்தீங்களா? பாக்கல. மூக்கைச் சொறியாதீங்க, பேத்தி பாத்துடப் போறா.

செலவுக் கணக்குலயும் ஒரு வேடிக்கை உண்டு. முன்னெல்லாம் 'தோண்டற செலவு இவ்வளவுதான்'னு சுருக்கிச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. கத்தரிக்கா போட்டவன் விதைக் காசை மட்டும் சொல்லிட்டு, போர் மோட்டார் எரிஞ்சதையும் வேலி அடைச்சதையும் மறந்துடற மாதிரி. 2013-ல உலகத் தங்கக் கவுன்சில், சுரங்கம் ஓடிக்கிட்டே இருக்கறதுக்கு வேண்டிய எல்லாச் செலவையும் சேத்து ஒரு அவுன்ஸுக்கு எவ்வளவுன்னு சொல்ல ஒரு முறையைக் கொண்டுவந்துச்சு. ஆல்-இன் சஸ்டெய்னிங் காஸ்ட்டுன்னு பேரு. பேருலதான் ஆல்-இன். வருமான வரி அதுல இல்ல, கடன் வட்டி இல்ல, புதுச் சுரங்கம் வெட்டற செலவு இல்ல. எங்க பெரியம்மா கல்யாண வீட்ல 'எல்லாரும் வந்துட்டாங்க'ன்னு சொல்லுவா. சம்பந்தி மட்டும் வந்திருக்க மாட்டான். இருந்தாலும் பி.இ.யைவிட அந்தக் கணக்கு யோக்கியம். தங்க விலைக்கும் அந்தச் செலவுக்கும் நடுவுல எவ்வளவு சந்து இருக்குன்னு பாருங்க. சந்து குறுகினவனைத்தான் விலை எறங்கும்போது முதல்ல நசுக்கும்.

அடுத்தது பங்காளி சமாச்சாரம். பங்குன்னு பேரு வெச்சாலே பங்காளி வருவான்னு உங்க காலேஜுல சொல்லித் தரலியா? நியூமான்ட், நியூக்ரெஸ்டை வாங்கினப்ப ரொக்கமா குடுக்கல, புதுசாப் பங்கு அச்சடிச்சுக் குடுத்தாங்க. சுமார் 80 கோடியா இருந்த பங்கு 115 கோடிக்கிட்ட ஆச்சு. சொத்தும் கூடுச்சு, சாப்பிடற இலையும் கூடுச்சு. கம்பெனி லாபம் ஏறிச்சுன்னு தலைப்புல போடுவான். உங்க இலையில எவ்வளவு விழுந்துதுன்னு நீங்கதான் குனிஞ்சு பாக்கணும்.

நிலம் எந்த ஊர்லங்கறதும் முக்கியம். சுரங்கத்தைச் சட்டையில மடிச்சு எடுத்துக்கிட்டு ஊரைவிட்டு ஓட முடியாதில்ல? ஆப்பிரிக்காவுல மாலி தேசத்துல பேரிக்குக்கு லூலோ-கவுன்கோட்டோன்னு பெரிய சுரங்கம். அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் பங்குத் தகராறு. 2025 ஜனவரியில அரசாங்கத்து ஆளுங்க ஹெலிகாப்டர்ல வந்து சுமார் 3 டன் தங்கத்தை ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க, சுரங்கமும் நின்னுது. நவம்பர்லதான் சமாதானம் ஆச்சு. பி.இ.க்குள்ள ஹெலிகாப்டர் சத்தம் கேக்குமா? அந்த நடுவுல, மே மாசம், கம்பெனி தன் பேருல இருந்த 'கோல்டை' எடுத்துட்டு 'மைனிங்'னு மாத்திக்கிச்சு. செம்பும் தோண்டறாங்களாம். மாலிக்காரன் கிடங்குலேர்ந்து எடுத்தான், இவங்க பேருலேர்ந்து எடுத்தாங்க. எப்படியோ தங்கம் போச்சு.

சின்னப் பேரன் ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, ஃப்ராங்கோ-நெவாடான்னு ஒண்ணு எப்பவுமே பி.இ. ஜாஸ்தியா இருக்கே, அதை எதுக்கு ஜனங்க வாங்கறாங்க?" பையன் உருப்படுவான். அவங்க தோண்டறதே இல்ல மாப்பிள்ளை. அடுத்தவன் சுரங்கத்துக்கு முன்பணம் குடுத்துட்டு, வெளையறதுல வாரம் வாங்கிக்கறாங்க. டீசல் விலை ஏறினாலும், ஆள் கூலி ஏறினாலும் தோண்டறவன் தலைவலி. நெவாடாவுல கோல்ட்ஸ்ட்ரைக்னு ஒரு சுரங்கத்துக்கு 1985-ல 20 லட்சம் டாலர் குடுத்து வாங்கின வாரம், காலம்பூரா கொட்டுச்சு. வரப்புல நின்னு வாரம் வாங்கறவனுக்கும் சேத்துல நிக்கற உழவனுக்கும் ஒரே தராசா? வாரக்காரனுக்கும் அடி விழும். 2023-ல பனாமாவுல ஒரு செப்புச் சுரங்கத்தை அரசாங்கம் மூடினப்ப இவங்களுக்கும் நஷ்டம்தான். இருந்தாலும் எருதை எருதோட நிறுத்திப் பாக்கணும், யானையோட நிறுத்தக் கூடாது.

இன்னொரு ஜாதி இருக்கு, அந்தப் பக்கமே போகாதீங்க. லாபமே கிடையாது, அதனால பி.இ.யும் கிடையாது, 'பூமிக்கடியில இருக்கு, இருக்கு'ன்னு சத்தியம் மட்டும் உண்டு. கனடாவுல ப்ரீ-எக்ஸ்னு ஒரு கம்பெனி, இந்தோனேசியாக் காட்டுக்குள்ள மலை மலையாத் தங்கம்னுச்சு. வேற எடத்துத் தங்கத்தூளைப் பரிசோதனைக்கு எடுத்த கல்லுல கலந்து வெச்சிருந்தாங்க. 1997-ல குட்டு ஒடைஞ்சுது, நூத்துக்கணக்கான கோடி டாலர் காத்தாப் போச்சு. என்னை ஏமாத்தின தரகன் பாலையாவது மாட்டுக்குள்ளயே வெச்சிருந்தான்.

சரி, பேசிப் பேசி மோர் தீந்துபோச்சு. பி.இ.யைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லல. நம்ம பக்கம் மாந்தோப்புக் குத்தகை எடுக்கறவன் என்ன பண்றான்? காச்ச வருஷத்தை மட்டும் பாத்து முன்பணம் குடுத்தா முட்டாள். காய்க்காத வருஷத்தையும் சேத்து ஏழெட்டு வருஷத்துக் காய்ப்பைக் கூட்டிச் சராசரி போடுவான். நீங்களும் தங்கம் ஏறின வருஷம், எறங்கின வருஷம் ரெண்டையும் சேத்து லாபத்தைச் சராசரி போட்டு, அதால வகுத்துப் பாருங்க. உங்க பத்து இருபத்தஞ்சா மாறினாலும் மாறும். அடுத்த வருஷ லாபத்தை வெச்சு ஒரு பி.இ. காட்டுவாங்க, அதை மட்டும் நம்பாதீங்க. நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும்னு தரகன் சொல்ற கணக்கு அது.

என்ன, மூஞ்சி சுண்டிப் போச்சு? "நீங்களே சொல்லுங்க, எப்ப வாங்கறது"ன்னு கேக்கறீங்களா? கைநாட்டுக்கிட்ட பி.இ.க்காரரு யோசனை கேக்கறாரு, எழுதி வெச்சுக்கடி பேத்தி.

ஒரு நாள் வரும் மாப்பிள்ளை. தங்கம் எறங்கிக் கெடக்கும், டீக்கடையில ஒருத்தனும் அதைப் பத்திப் பேச மாட்டான். உங்க போன்ல பி.இ. இருந்த எடத்துல கோடு நிக்கும். நீங்க வெறுத்துப்போய் வித்துட்டு, கம்பெனி பேரைச் சொன்னாலே காதைப் பொத்திக்குவீங்க. அன்னைக்கு எனக்கு ஒரு போன் போடுங்க. அது சினையா, அடிமாடான்னு தடவிப் பாக்கறதுக்கு நான் கெளம்பி வரேன். சினையா இருந்தா உங்க பங்கை நானே வாங்கிக்கறேன்.

பேத்தியைத்தான் விட்டுக் குடுத்துட்டேன், மாட்டையுமா விடுவேன்?